காளையைக் கொல்லும் சுடுமண் உருவமெல்லாம் மித்ராஸா?

இணைய ஏலம் ஒன்றில் உடைந்த சுடுமண் பலகை ஒன்றின் படத்தைப் போட்டு, ‘மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி, ரோமானியர் காலம், கி.பி. 1–2ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தார்கள், அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மித்ராஸ் என்ற அந்தத் தெய்வத்தின் சிற்பம் என்று தேடினால் வருவதெல்லாம் பளிங்கும் மணற்கல்லுமாகவே இருக்கிறதே, சுடுமண்ணில் ஏன் காணோம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டாவது வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்தால் ஏலப் படத்தைப் பற்றிப் பாதி முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

நான் தொல்லியல் படித்தவன். பல வருடங்களாக என் பிழைப்பு பானை ஓடுகளோடுதான்: கழுவுவது, எண் எழுதுவது, விளிம்பை வரைவது, உடைந்த பக்கத்தை லென்ஸில் பார்த்து எந்த மண், எப்படிச் சுட்டது என்று வகை பிரிப்பது. ரோமானியச் சமய வரலாறு என் தனித்துறை இல்லை. அதனால் மண், அச்சு, சூளை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டின் பொருள் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தத் துறைக்காரர்களின் வாதங்களைப் படித்து நான் வந்து சேர்ந்த இடம்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். மித்ராஸ் வழிபாடு ரோமப் பேரரசில் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, 2, 3ஆம் நூற்றாண்டுகளில் பரவி, 4ஆம் நூற்றாண்டின் முடிவோடு மறைந்தது. ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய ரகசியக் குழு. படைவீரர்கள், சுங்க அலுவலர்கள், பேரரசரின் அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள் ஆகியோர் இதில் நிறைய இருந்தார்கள். காகம் என்ற நிலையில் தொடங்கித் தந்தை என்ற நிலை வரை ஏழு படிகள். கூடும் இடம் குகை மாதிரி இருக்கும் சிறிய அறை, பல சமயம் நிலத்தடியில். இருபக்கமும் சாய்ந்து படுத்துச் சாப்பிட நீளமான திண்ணைகள், கோடியில் காளையைக் கொல்லும் மித்ராஸின் உருவம். ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவில் மட்டும் இப்படிப்பட்ட கூடங்கள் பதினைந்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. லண்டனில் 1954இல் வால்புரூக் பகுதியில் ஒன்று வெளிப்பட்டபோது அதைப் பார்க்க மக்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காளைக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம், பிறகு இதுதான் அளவுகோலாக உதவப் போகிறது. மித்ராஸின் இடது முழங்கால் காளையின் முதுகில் அழுந்தியிருக்கும், வலது கால் பின்னால் நீண்டு காளையின் பின்னங்காலை மிதித்திருக்கும். இடது கையால் அதன் மூக்கைப் பிடித்துத் தலையை அண்ணாந்து இழுப்பார், வலது கையில் உள்ள குத்துவாள் தோள்பட்டையில் இறங்கியிருக்கும். தலையில் முன்பக்கம் வளைந்த ஃபிரிஜியத் தொப்பி, முதுகுக்குப் பின்னால் காற்றில் பறக்கும் மேலங்கி, கால்களில் கீழை நாட்டுக் காற்சட்டை. பெரும்பாலான சிற்பங்களில் முகம் காளையைப் பார்க்காமல் தோளுக்கு மேலாகத் திரும்பியிருக்கும், மேல் மூலையில் உள்ள சூரியனை நோக்கி. நாயும் பாம்பும் காயத்தை நோக்கித் தாவும். தேள் காளையின் விதையைப் பற்றியிருக்கும். காகம் பக்கத்தில். காளையின் வால் நுனி கோதுமைக் கதிராக முடியும். இருபுறமும் தீவட்டிக்காரர்கள் இரண்டு பேர், ஒருவன் தீவட்டியை மேலே தூக்கியிருப்பான், மற்றவன் கீழே சாய்த்திருப்பான். இந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு விடுபடலாம், சிற்பிக்குச் சிற்பி மாறலாம். ஆனால் பிரிட்டன் முதல் சிரியா வரை அடிப்படை அமைப்பு அசையாமல் இருக்கிறது. மித்ராஸ் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தொகுத்து அறிஞர் வெர்மாசெரன் 1956இலும் 1960இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பட்டியலைப் புரட்டினால், ஒரே காட்சி பல நூறு தடவை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலில் பெரும்பங்கு கல். ரோமிலும் ஓஸ்டியாவிலும் பளிங்கு, ஜெர்மனியில் மணற்கல், டான்யூப் ஓரத்து மாகாணங்களில் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறிய பளிங்குப் பலகைகள் ஏராளம். இத்தாலியில் கப்புவாவிலும் மரினோவிலும் சுவரோவியம். யூப்ரடீஸ் கரையில் உள்ள தூரா யூரோப்போஸில் ஜிப்சக் கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய இரண்டு புடைப்புச் சிற்பங்கள், கி.பி. 168–169, 170–171 என்று ஆண்டு பொறிக்கப்பட்டவை. வெண்கலத் தகடும் மணிக்கற்களும்கூட உண்டு. கோடிச் சுவரில் வைத்து வணங்கிய முதன்மை உருவமாகச் சுடுமண் புடைப்புச் சிற்பம் என்பது இந்த வரிசையில் வழக்கமே இல்லை. உங்கள் தேடலில் கல்லே கண்ணில் பட்டதற்குத் தேடுபொறியைக் குறை சொல்ல முடியாது.

ஏன் இல்லை? களிமண்ணால் முடியாது என்பது காரணமாக இருக்க முடியாது. இத்தாலியில் ரோமானியருக்கு முந்தைய எட்ருஸ்கர் காலத்திலிருந்தே கோயில் கூரைக்கும் முகப்புக்கும் ஆளுயரச் சுடுமண் சிலைகளைச் செய்து ஏற்றியிருக்கிறார்கள். வண்ணமும் தடையில்லை, மித்ராஸின் கற்சிற்பங்களே வண்ணம் பூசப்பட்டவைதான். ரோமில் சாந்தோ ஸ்டெஃபானோ ரொத்தோந்தோ தேவாலயத்துக்கு அடியில் 1973இல் கண்டுபிடித்த கூடத்தில், வண்ணமும் தங்கப்பூச்சும் இன்னும் ஒட்டியிருக்கும் சிற்பம் கிடைத்தது. மேலே சாயம் பூசியபின் உள்ளே கல்லா மண்ணா என்று விளக்கு வெளிச்சத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குச் சரியாகப் படும் காரணம் காலப்பொருத்தம். ரோமானியக் கட்டடங்களில் சுவரை அலங்கரித்த சுடுமண் புடைப்புப் பலகைகளுக்குக் கம்பானா பலகைகள் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சேகரித்து 1842இல் நூலாகவும் வெளியிட்ட ஜாம்பியெத்ரோ கம்பானாவின் பெயரால். இவை கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் பரவலாகி, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்துவிட்டன. பேரரசர் அகஸ்டஸ் காலம் தொட்டு இத்தாலியின் லூனி மலைப் பளிங்கு தாராளமாகக் கிடைத்ததும், அலங்காரத்துக்குச் சுடுமண் என்பது கொஞ்சம் பழைய பாணியாகிப் போனது. மித்ராஸ் வழிபாடு ஓங்கியது அதற்கப்புறம். ஆண்டு ஓரளவு உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய காளைச் சிற்பங்களில் ஒன்று, பேரரசர் டிராஜன் காலத்து அரண்மனைக் காவற்படைத் தளபதியான கிளாடியஸ் லிவியானஸின் அடிமை அல்கிமஸ் காணிக்கையாகக் கொடுத்தது. அது கி.பி. 100ஐ ஒட்டியது, அதுவும் பளிங்கு. ஆக, ஒரு தொழில் முடிகிற நேரத்தில் இன்னொரு தேவை பிறந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: காணிக்கை கொடுத்தவர்கள் தங்கள் பெயரையும் பதவியையும் கல்லில் வெட்டிவைக்க விரும்பியவர்கள். இது என் ஊகம்தான், கல்வெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த ஊகம் பொருந்தி வருகிறது.

சுவரில் மண்ணே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ரோமில் அவெந்தின் குன்றில் உள்ள சாந்தா பிரிஸ்கா கூடத்தில், மித்ராஸின் காலடியில் சாய்ந்து கிடக்கும் தாடிக்காரத் தெய்வம் ஒன்று இருக்கிறது. சனி என்கிறார்கள் சிலர், கடல்தெய்வம் என்கிறார்கள் சிலர். அதன் உடம்பு உடைந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளால் கட்டப்பட்டு, மேலே சுண்ணச்சாந்து பூசி வடிவம் கொடுக்கப்பட்டது. எண்ணெயும் மதுவும் வந்து இறங்கிய ஜாடியின் ஓடுகள் தெய்வத்தின் விலா எலும்பாகி நிற்கின்றன. ஓட்டுக்காரனான எனக்கு அந்தக் கூடத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இதைச் சுடுமண் சிற்பம் என்று சொல்லக் கூடாது, சாந்துச் சிற்பம் என்பதே சரி. படங்களில் சாந்தையும் சுடுமண்ணையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இப்போது உங்கள் ஏலப் பலகைக்கு அருகில் வருகிறோம். கம்பானா பலகைகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சி, வெற்றித் தெய்வமான விக்டோரியா காளையைப் பலியிடுவது. சிறகுள்ள பெண், முழங்காலைக் காளையின் முதுகில் ஊன்றி, அதன் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கத்தியை ஓங்கியிருப்பாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? மித்ராஸின் நிற்கும் விதமே இங்கிருந்து வந்ததுதான் என்பதைக் கலை வரலாற்றாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் நைகி (கிரேக்கரின் வெற்றித் தெய்வம்) கோயிலின் கைப்பிடிச் சுவரில் இந்த வகைப் பலிக்காட்சி வருகிறது. ரோமில் டிராஜன் மன்றத்தின் உல்ப்பியா மண்டபத்திலும் அதே வார்ப்பு. மித்ராஸை முதன்முதலில் செதுக்கிய சிற்பிகள் புதிதாக ஒரு நிலையைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் தயாராக இருந்த பெண் உருவத்தின் சிறகை எடுத்துவிட்டு, தொப்பியும் காற்சட்டையும் மாட்டினார்கள்.

இதன் விளைவு என்னவென்றால், காளை மேல் ஊன்றிய முழங்காலும் கத்தி பிடித்த கையும் மட்டும் மிஞ்சிய ஒரு சுடுமண் துண்டு கிடைத்தால், அது விக்டோரியாவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். விற்பவர்களுக்கு மித்ராஸ் என்ற பெயர் விலை ஏற்றும், ரகசிய மதம் என்ற கவர்ச்சி வேறு. உங்கள் படத்தில் வலது மேல்பகுதி உடைந்து போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சிறகு இருந்திருக்க வேண்டிய இடம் அதுவாக இருக்கலாம். தொடையின் மேல் விழும் துணியைப் பாருங்கள். விக்டோரியா உடுத்தியிருப்பது நீளப் பாவாடை, மடிப்புகள் கணுக்கால் வரை ஓடும் அல்லது இடுப்பில் நழுவித் தொடை வெறுமையாகத் தெரியும். மித்ராஸின் குட்டையான மேற்சட்டை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே காற்சட்டையின் குறுக்கு மடிப்புகள். பலகையின் கீழ்ப்பகுதி உடையாமல் இருந்தால் வேலை இன்னும் சுலபம். காளையின் வயிற்றுக்கு அடியில் நாய், பாம்பு, தேள் எதுவுமே இல்லை என்றால் நான் மித்ராஸ் என்ற பெயரை விட்டுவிடுவேன்.

சரி, காளையைக் கொல்லும் ஆண் உருவம், தலையில் ஃபிரிஜியத் தொப்பி, பொருள் சுடுமண், காலம் பழையது என்று எல்லாம் கூடிவந்தால்? அப்படியும் ஒரு தொகுதி இருக்கிறது, அதுதான் இந்தத் துறையில் பெரிய தலைவலி. கிரிமியாவில் கெர்ச் நகரை ஒட்டி, பழைய பாந்திகபேயத்தில், ஐந்து சிறிய சுடுமண் பலகைகள் கிடைத்தன. தொப்பி அணிந்த இளைஞன் ஒருவன் காளையின் மேல் கத்தியை ஓங்கியிருக்கிறான். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பாதி என்று சிலர் கணித்தார்கள், மித்ராஸ் ஆய்வாளர் ரோஜர் பெக் கி.மு. 50க்கும் கி.பி. 50க்கும் இடையில் என்கிறார். எந்தக் கணக்கை எடுத்தாலும் ரோமில் கிடைத்த மிகப் பழைய மித்ராஸ் சிற்பத்துக்கு இவை முந்தியவை. ஆகவே மித்ராஸ் வழிபாட்டின் முதல் உருவமே சுடுமண்ணில்தான் பிறந்தது என்று ஒருவர் ஆசைப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பாந்திகபேயம் என்ற பெயரும் அந்த ஆசைக்குத் தூபம் போடுகிறது: ரோமை எதிர்த்து நின்ற பொந்துஸ் அரசன் ஆறாம் மித்ரிடேட்டஸ் கி.மு. 63இல் இறந்தது அங்கேதான்.

ஆனால் பலகையைக் கிட்டத்தில் பார்த்தால் இடறுகிறது. அந்த இளைஞனின் காற்சட்டை முன்பக்கம் திறந்து பிறப்புறுப்பு தெரிகிறது. இது அத்திஸ் என்ற, கிபெலே அன்னையோடு சேர்த்து வணங்கப்பட்ட இளம் தெய்வத்துக்கு உரிய அடையாளம், மித்ராஸுக்கு எங்கும் கிடையாது. நாய், பாம்பு, தேள் என்ற பரிவாரமும் இல்லை. போதாக்குறைக்கு இவற்றில் முதலில் கிடைத்தது ஒரு பெண்ணின் கல்லறையில். ஆண்கள் மட்டும் சேரக்கூடிய குழுவின் உருவம் அங்கே எப்படிப் போகும் என்ற கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. சிலர் ‘மித்ராஸ்-அத்திஸ்’ என்று இரண்டு பெயரையும் ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். என் முடிவைக் கேட்டால், இவை கருங்கடல் ஓரத்து உள்ளூர்த் தெய்வ வழக்கு ஒன்றைச் சேர்ந்தவை, ரோமானிய மித்ராஸ் வரலாற்றின் முதல் பக்கத்தில் இவற்றை வைக்கக் கூடாது. காளை பலியும் தொப்பியும் அந்த நிலப்பகுதியில் பல தெய்வங்களுக்குப் பொதுச் சொத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை அபத்தம் என்று தள்ள முடியாது.

இதோடு தொடர்புள்ள இன்னொரு பழைய சண்டையையும் தொட்டுவிட்டுப் போகிறேன். பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் க்யூமோன் 1890களில் எழுதியதிலிருந்து நீண்ட காலம், இந்த வழிபாடு அப்படியே ஈரானிலிருந்து மேற்கே வந்தது என்றே நம்பினார்கள். பெயர் ஈரானியத் தெய்வத்தின் பெயர், அதில் மறுப்பில்லை. ஆனால் ஈரானிய மரபில் மித்ரா காளையைக் கொல்வதாக ஒரு கதையும் இல்லை. 1971இல் மான்செஸ்டரில் நடந்த மித்ராஸ் ஆய்வு மாநாட்டிலிருந்து க்யூமோனின் படம் கலைய ஆரம்பித்தது. காட்சியில் உள்ள விலங்குகள் விண்மீன் கூட்டங்களைக் குறிக்கின்றன என்ற விளக்கம் இப்போது செல்வாக்கோடு இருக்கிறது. காளை, நாய், பாம்பு, தேள், காகம் எல்லாமே வானத்திலும் உண்டு என்பதால் இதில் ஏதோ இருக்கிறது. ஆனால் எந்த வானநிலை, எதற்காக என்று விவரத்துக்குப் போனால் ஆளுக்கொரு கணக்கு. அந்தக் குழுவினர் தம் கதையை எழுதிவைத்த நூல் எதுவும் நம் கைக்கு வராததால் படங்களைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இனி இந்த விஷயத்தில் மண் நிஜமாகவே பேசுகிற இடத்துக்கு வருகிறேன்: சாப்பாட்டுத் திண்ணை. காளையைக் கொன்ற பின் மித்ராஸும் சூரியனும் அதன் தோலை விரித்துச் சாய்ந்து விருந்துண்பார்கள், கதையின் அடுத்த காட்சி அது. ஃபியானோ ரொமானோவில் கிடைத்து இப்போது லூவ்ரில் இருக்கும் பலகையில் ஒருபக்கம் கொலை, மறுபக்கம் விருந்து. நேரம் வந்ததும் பலகையைத் திருப்பி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதற்கெதிரே மனிதர்களும் திண்ணையில் சாய்ந்து உண்டார்கள். அந்த விருந்தில் கைக்குக் கை மாறியது மண்பாண்டம். மித்ராஸ் வழிபாட்டின் சுடுமண் புடைப்புக் கலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், பானை, கிண்ணம், தட்டு ஆகியவற்றின் மேல் ஒட்டிய உருவங்களைத்தான் நான் சொல்வேன்.

அவற்றில் தலையாயது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பால்பிளாட்ஸ் என்ற இடத்தில் 1976இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட கூடத்தைச் சேர்ந்தது. கூடத்தில் பெரும்பகுதி அந்த வேலையிலேயே அழிந்தது, ஓடுகள் தப்பின. ஒட்டிச் சேர்த்தபோது கிடைத்தது ஒரு பெரிய மதுக்கலம், கைப்பிடிகளில் பாம்புகள் நெளிகின்றன. 2ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. இதை ஹைன்ஸ் குந்தர் ஹார்ன் 1994இல் விரிவாக வெளியிட்டார், ரோஜர் பெக் 2000இல் விளக்கம் எழுதினார். உடம்பைச் சுற்றி ஏழு உருவங்கள். ஒருபக்கம் மூன்று பேர்: ஃபிரிஜியத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் வில்லை நாணேற்றி எதிரே இருப்பவனைக் குறிபார்க்கிறார். எதிரே இருப்பவன் ஆடையில்லாதவன், மற்றவர்களைவிடச் சிறிதாகக் காட்டப்பட்டவன், கைகளை முன்னால் தூக்கியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒருவர் ஏதோ சொல்லிக்கொடுப்பதுபோல நிற்கிறார். மறுபக்கம் நான்கு பேர் வரிசையாக நடக்கிறார்கள். முதல் ஆளுக்கு மார்புக்கவசம். மூன்றாவது ஆளின் தலையில் கதிர்க்கிரீடம், கையில் சாட்டை. அவனுக்கு முன்னும் பின்னும் கோல் பிடித்த இருவர், ஒரு கோல் மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி.

கதிர்க்கிரீடக்காரன் ஏழு நிலைகளில் ஆறாவதான ‘சூரிய ஓட்டக்காரன்’ என்பதும், வில்லேந்தியவர் ‘தந்தை’ என்பதும் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்வது. மித்ராஸ் பாறையில் அம்பெய்து தண்ணீர் வரவழைத்த கதை பல கற்சிற்பங்களின் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தந்தை நிலையில் உள்ளவர் புதிதாகச் சேர்பவன் முன்னால் நடித்துக் காட்டுகிறார் என்று பெக் படிக்கிறார், எனக்கும் அது பொருத்தமாகவே தெரிகிறது. நான்கு பேர் ஊர்வலம் சூரியனின் வருடாந்தரப் பாதையைக் குறிக்கிறது என்று அவர் மேலும் போகும்போது நான் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறேன். அழகான வாதம், ஆனால் ஒரே பானையின் மேல் அத்தனை சுமை ஏற்றலாமா? எப்படியிருந்தாலும் கற்சிற்பங்கள் காட்டுவது தெய்வத்தின் கதையை. மனிதர்கள் அந்தக் கூடத்துக்குள் என்ன செய்தார்கள் என்று காட்டும் மிகச் சில சான்றுகளில் ஒன்று, கப்புவா சுவரோவியங்களைத் தவிர்த்தால், ஒரு குயவனின் கையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

பாம்புப் பானை என்றாலே மித்ராஸ் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பாம்பு ஒட்டிய கலங்கள் வேறு வழிபாடுகளிலும் வீடுகளிலும் புழங்கியவை. ஃபிரீட்பெர்க் கூடத்தில் கிடைத்த கலத்தில் பாம்போடு தேளும் ஏணியும் சேர்ந்து வருவதால் அங்கே தயக்கமில்லை. பாம்பு மட்டும் ஒட்டிய ஓடு ஒன்று தனியாகக் கிடைத்தால், கிடைத்த இடத்தைச் சொல்லாமல் அதற்குப் பெயர் வைக்க நான் மாட்டேன்.

அப்புறம் சிவப்புப் பளபளப்புப் பாண்டங்கள், டெர்ரா சிகிலாட்டா. இவற்றின் முந்தைய இத்தாலியத் தலைமுறையைத்தான் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் கண்டெடுத்தார். அவற்றுக்கும் மித்ராஸுக்கும் தொடர்பில்லை, ஆனால் அந்த வழவழப்பை நம் ஊரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். ட்ரியர் நகரில் ஒரு கல்லறையில் கிடைத்த இந்த வகைக் கலத்தில் மித்ராஸும் சூரியனும் விருந்துண்ணும் காட்சி ஒட்டப்பட்டிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துனிசியாப் பக்கத்துப் பட்டறைகள் செய்த கிண்ணங்களிலும் காளைக் கொலை வருகிறது. செய்முறை எளிது: கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவதுபோல் களிமண்ணை அச்சில் அழுத்தி, உருவத்தை எடுத்து, குழைத்த களிமண்ணைப் பசையாக வைத்துக் கிண்ணத்தில் ஒட்டி, மேலே செம்பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். ஒரே பட்டறை கிண்ணத்துக்கு ஒரு கதை என்று வேட்டைக் காட்சி, புராணக் காட்சி, பைபிள் காட்சி எல்லாவற்றையும் அச்சடித்துத் தள்ளியது. அதனால் அந்தக் கிண்ணம் வைத்திருந்தவர் மித்ராஸ் பக்தர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அச்சு வைத்திருந்தவன் வியாபாரி என்பது மட்டும் உறுதி.

பாண்டங்களின் அளவையும் வேகத்தையும் உணர்த்துவது பெல்ஜியத்தின் டீனென். 3ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரே விருந்தில் பயன்பட்ட தட்டுகள், சமையல் பானைகள், தூபக்கலங்கள் எல்லாவற்றையும் குழிகளில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். எலும்புகளை எண்ணியவர்கள் குறைந்தது 285 கோழிகள் என்று கணக்கிட்டார்கள், ஆட்டுக்குட்டியும் பன்றிக்குட்டியும் விலாங்கு மீனும் தவிர. நூறு பேருக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும், அந்தச் சிறிய கூடத்துக்குள் அடங்காத கூட்டம். கோடிச் சுவரில் கல் ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் உடைந்த மண் இவ்வளவு. அருங்காட்சியகங்கள் கல்லை முன்வாசலில் வைத்து, பானை ஓடுகளைப் பெட்டியில் வைப்பதால் நமக்குக் கணக்கு தலைகீழாகத் தெரிகிறது.

இனி உங்கள் பலகை. படத்தை மட்டும் வைத்து இது அசலா போலியா என்று என்னால் சொல்ல முடியாது, சொல்கிறவரையும் நம்பாதீர்கள். விற்பவரிடம் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அச்சில் களிமண்ணை அழுத்திச் செய்த பழைய பலகையின் முதுகில் விரல் அழுத்திய பள்ளங்களோ துணியால் வழித்த கோடுகளோ இருக்கும், தடிமன் ஒரே சீராக இருக்காது. சுவரில் பொருத்திய பலகையென்றால் ஆணித் துளை இருக்க வேண்டும், அதுவும் சுடுவதற்கு முன் குத்திய துளை: விளிம்பு மழுங்கியிருக்கும், துளையிட்ட கருவியின் தடம் களிமண்ணில் இழுபட்டிருக்கும். சுட்டபின் துளைத்தால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். உடைந்த பக்கத்தில் மண்ணின் உள்நிறத்தையும் அதில் கலந்த மணலையும் பாருங்கள். உடைப்பு முகம் புத்தம் புதிதாக, மேற்பரப்பு மட்டும் அழுக்காக இருந்தால் ஜாக்கிரதை. உருவத்தின் விவரங்கள் சோப்பில் வார்த்ததுபோல் மழுங்கியிருந்தால், அசல் பலகையிலிருந்து அச்செடுத்த நகலாக இருக்கலாம், களிமண் காயும்போது சுருங்குவதால் அளவும் அசலைவிடச் சற்றுக் குறையும். வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சுட்ட காலத்தைத் தோராயமாகச் சொல்லும், பழையதா நேற்றையதா என்று பிரிக்க அது போதும். ஆனால் மாதிரி எந்தத் துண்டிலிருந்து எடுத்தார்கள் என்பது முக்கியம், பழைய ஓட்டுத் துண்டைப் புதியதோடு ஒட்டிய வேலைகளும் சந்தையில் உண்டு.

சுடுமண்ணில் ஏமாறுவது ஒன்றும் வெட்கப்பட வேண்டியதில்லை. பெனெல்லி சகோதரர்கள் செய்த ஒரு போலிச் சுடுமண்ணை 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே எட்ருஸ்கர் சவப்பேழை என்று வாங்கிப் பல வருடம் காட்சிக்கு வைத்திருந்தது. அசலாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: எங்கிருந்து வந்தது? 2014இல் இத்தாலியப் போலீசார் தார்க்குவினியாவில் திருட்டுத்தனமாகத் தோண்டிய பளிங்கு மித்ராஸ் சிலை ஒன்றை நாட்டை விட்டுப் போகும் வழியில் பிடித்தார்கள். யுனெஸ்கோவின் 1970 ஒப்பந்தத்துக்கு முன்பே இத்தாலியை விட்டு முறையாக வெளியேறியது என்று காட்டும் காகிதம், பழைய ஏலப் பட்டியலோ சேகரிப்புப் பதிவோ, கேளுங்கள். ‘ஒரு ஐரோப்பியக் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து’ என்ற ஒற்றை வரியைக் காகிதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் எழுதியதில் தொப்பி பற்றி எதுவும் இல்லை. பெரிய படம் கிடைத்தால் தலையையும், காளையின் வாலையும், வயிற்றுக்கு அடியிலும் பாருங்கள், துணி மடிப்பை மேலே சொன்னபடி பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், உடைந்த விளிம்பு மூன்றையும் இங்கே போட்டால், விக்டோரியாவா மித்ராஸா என்பது வரைக்குமாவது என்னால் சொல்ல முடியும். விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.